கொழும்பு ஈரத்தில் இசைத்தட்டுகளைக் கழுவுவதும் காப்பதும்

இசைத்தட்டைக் கழுவினால் போகும் சத்தமும் உண்டு. எத்தனை தரம் கழுவினாலும் போகாத சத்தமும் உண்டு. இரண்டையும் முதலிலேயே பிரித்தறிந்துகொண்டால் வீண் வேலை மிச்சம். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒழுங்கில்லாமல் பொரிகிற சத்தம் தூசியாலும் கைரேகையாலும் வருவது. அது கழுவினால் பெரும்பாலும் போய்விடும். ஒரே இடைவெளியில் ‘டிக், டிக்’ என்று விழுவது கீறல். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 செக்கன் எடுக்கும், 45 வேகத்தில் 1.3 செக்கன். அந்தக் கணக்கில் சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் கீறலைத் தேடிப் பாருங்கள். மூன்றாவது வகைதான் மனத்தை வருத்துவது. பாட்டு உச்சத்துக்கு ஏறும் இடங்களில், அதுவும் தட்டின் உட்பக்கத்தை அண்டிய பாட்டுகளில், குரல் கிழிந்து ‘ஸ்ஸ்’ என்று கேட்டால், முன்பு யாரோ தேய்ந்த ஊசியைப் போட்டு, பாட்டு பதிந்திருக்கும் பள்ளத்தின் சுவரைச் செதுக்கிவிட்டார்கள். அதற்கு மருந்தில்லை. ஆனால் அப்படி முடிவுகட்ட முன்னர், நல்ல நிலையில் இருக்கும் வேறொரு தட்டைப் போட்டுப் பாருங்கள். அதுவும் கிழிந்து கேட்டால் பிழை உங்கள் ஊசியில்.

பூஞ்சணம் பிடித்த தட்டை மட்டும் இப்படிப் போட்டுப் பார்க்க வேண்டாம். அதைப் பற்றிப் பின்னர் தனியாக.

கொழும்பில் இசைத்தட்டுக்குக் கீறலை விடப் பெரிய எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் வளரத் தொடங்கும்; இங்கே காலை வேளைகளில் 80 என்பதே சாதாரணம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளைப் பக்கம் கடற்கரையை ஒட்டிய வீடென்றால் காற்றில் உப்பும் சேர்ந்து வருகிறது, காலி வீதிப் பக்கம் யன்னல் இருந்தால் வாகனப் புகைக்கரியும். அதனால் இங்கே கழுவுவது சுலபமான பாதி. வடிவாகக் காயவைத்து, சரியான உறையில் போட்டு, சரியான இடத்தில் நிறுத்தி வைப்பதுதான் தட்டைக் காப்பாற்றுகிற பாதி.

எந்தத் தட்டு என்று முதலில் பாருங்கள்

வீட்டில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள எல்.பி. தட்டுகளும், 17.5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள 45 வேகத் தட்டுகளும் வினைல் என்ற பிளாஸ்ரிக்கால் ஆனவை. இலேசாக வளையும். 25 சென்ரிமீற்றர் விட்டத்தில், தடித்து, பாரமாக, வளையாமல் இருந்து, லேபலில் 78 என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் அரக்குத் தட்டு. இந்தியாவில் அரக்குத் தட்டுகள் 1960கள் வரை வந்துகொண்டிருந்ததால், இங்கே பழைய தமிழ்ப் படப் பாட்டுகள், நாதஸ்வரத் தட்டுகள் பல இந்த வகைதான். அரக்கு அல்ககோலில் கரையும். வினைலுக்குச் சொல்லும் திரவத்தை அதன்மேல் ஊற்றினால் தட்டின் மேற்பரப்பு உங்கள் துணியோடு கறுப்பாக வந்துவிடும்.

நான்காவது ஒரு வகை எப்போதாவது கைக்கு வரும். விளிம்பைப் பார்த்தால் நடுவே அலுமினியத் தகடு மினுங்கும். மேலே கறுப்புப் பூச்சு. லேபலில் அச்சுக்குப் பதிலாகக் கையெழுத்து. இவை நேரடியாக வெட்டி எடுத்த ஒலிப்பதிவுகள். வானொலியோடு தொடர்புள்ள குடும்பங்களின் வீடுகளில் இருக்கக்கூடும். பூச்சு வெடித்து உரியும் தன்மை கொண்டது; மேலே வெள்ளை மா போலப் படிந்திருப்பதும் பூஞ்சணம் அல்ல, பூச்சுக்குள்ளிருந்து கசியும் கொழுப்பமிலம். இதைக் கழுவ வேண்டாம், போட்டுக் கேட்கவும் வேண்டாம். உலகத்தில் அந்த ஒரு பிரதி மட்டுமே இருக்கலாம். ஆவணக் காப்பகத்தில் இந்த வேலை தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.

சேர்க்க வேண்டிய சாமான்கள்

தண்ணீரில் தொடங்குவோம். குழாய்த் தண்ணீர் காய்ந்தால் அதிலுள்ள உப்புகள் பள்ளத்துக்குள் படிந்து மறுபடியும் பொரியும். ஆகவே கடைசி அலசலுக்காவது காய்ச்சி வடித்த நீர் வேண்டும். பாமசியில் கிடைக்காவிட்டால் பெற்றோல் செட்டில் விற்கும் பற்றரித் தண்ணீர் போதும். வாங்கும்போது லேபலை இரண்டு தரம் வாசியுங்கள்: பக்கத்திலேயே பற்றரி அசிட்டும் அதேமாதிரிப் போத்தலில் இருக்கும்.

அல்ககோல் என்றால் ஐசோபுரோபைல் அல்ககோல். பாமசியில் ‘ஸ்பிரிற்’ என்று கேட்டால் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றைத் தந்துவிடுவார்கள். அதில் எண்ணெயும் வாசனையும் சேர்ந்திருக்கக்கூடும். காய்ந்த பிறகு அவை தட்டில் தங்கும். கை கழுவும் ஜெல்லும் சரிவராது. 99 வீத ஐசோபுரோபைல், இரசாயனப் பொருள் விற்கும் கடைகளிலும், போன் திருத்துவோருக்குச் சாமான் விற்கும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கத்துக் கடைகளிலும் விசாரித்தால் அகப்படும்.

ஒரு லீற்றர் திரவத்துக்கு 800 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீர், 200 மில்லிலீற்றர் 99 வீத அல்ககோல், வாசனையோ கையை மிருதுவாக்கும் சேர்க்கையோ இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் 2 அல்லது 3 துளி. கிடைத்தது 70 வீத அல்ககோல் என்றால் 285 மில்லிலீற்றர் அல்ககோலும் 715 மில்லிலீற்றர் நீரும். சோப்புத் திரவத்தைக் கூட்டினால் நன்றாகக் கழுவும் என்று எண்ண வேண்டாம். தண்ணீர் பள்ளத்துக்குள் இறங்கும்படி நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பது மட்டுமே சோப்பின் வேலை. கூடினால் அலசிப் போகாமல் பள்ளத்தில் தங்கி, ஊசி நுனியில் வெள்ளையாகத் திரளும். அல்ககோல் தீப்பிடிக்கும், எனவே காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் கலக்க வேண்டாம்.

தூரிகையாக, ஹாட்வெயார் கடையில் விற்கும் சுவர் விளிம்புக்குப் பெயின்ற் அடிக்கும் சிறிய மெத்தை போன்ற பாட் நன்றாக வேலை செய்யும். அதன் இழைகள் குட்டையாக, மென்மையாக, நெருக்கமாக இருக்கும். 5 சென்ரிமீற்றர் அகல ஆட்டுமயிர்த் தூரிகையும் சரி. ஒன்று கழுவ, இன்னொன்று அலச என இரண்டு வாங்குங்கள். மைக்ரோஃபைபர் துணி நான்கு. அவற்றைத் தோய்க்கும்போது உடுப்பை மிருதுவாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது. அந்த மெழுகுத்தன்மை நேரே தட்டுக்கு மாறும். ரிஷ்யூத் தாளும் பழைய சாரத் துண்டும் வேண்டவே வேண்டாம், தும்பு கழரும்.

லேபல் நனையாமல் காக்க ஒரு சின்னக் கருவி செய்து வைத்துக்கொள்ளுங்கள். எல்.பி.யின் லேபல் 10 சென்ரிமீற்றர் விட்டம். பால்மாப் பேணிகளின் பிளாஸ்ரிக் மூடிகளில் 10.5 முதல் 11.5 சென்ரிமீற்றருக்குள் விட்டமுள்ள இரண்டைத் தெரிந்தெடுங்கள். நடுவே துளையிட்டு, ஒவ்வொரு மூடியின் விளிம்பிலும் பழைய சைக்கிள் ரியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம் ஒன்றை ஒட்டுங்கள். தட்டின் நடுத்துளை 7 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட என்பதால் 6 மில்லிமீற்றர் போல்ட் தாராளமாகப் போகும். இரண்டு மூடிகளுக்கும் நடுவே தட்டைச் சொருகி விங் நட்டால் கையளவில் இறுக்கினால் போதும். ரப்பர் பதியும் இடம் பாட்டு முடிந்த பிறகு வரும் வெற்றுப் பகுதிதான், பள்ளத்துக்குச் சேதமில்லை. போல்ட்டைப் பிடித்துத் தட்டைச் சுழற்றவும் முடியும்.

கழுவும் முறை

இடத்தைத் தெரிவது முக்கியம். குசினியில் பொரித்துத் தாளித்த நேரத்தில் காற்றில் எண்ணெய் மிதக்கும், ஈரத் தட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். சாம்பிராணி, ஊதுபத்தி, நுளம்புச்சுருள் புகை இன்னும் மோசம். அந்தப் புகைக் கரி பிசின்போல ஒட்டி, உலர்ந்த தூரிகைக்கு அசையாது. புகைபோட்ட அறையில் தட்டைத் திறந்து வைக்கும் பழக்கத்தையும் இதோடு விட்டுவிடலாம்.

மேசையில் துவாய் விரித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். தட்டை எப்போதும் விளிம்பிலும் லேபலிலும் மட்டும் பிடியுங்கள். முதலில் ஈரமில்லாமல், மெல்லிய தூரிகையால் மேலோட்டத் தூசியை விளிம்பை நோக்கித் தள்ளி அகற்றுங்கள். இதைத் தவறவிட்டால் தூசி திரவத்தோடு சேர்ந்து சேறாகிப் பள்ளத்துக்குள் இறங்கும். மண்ணும் மணலும் தெரிந்தால் தூரிகையே வேண்டாம். மூடிக் கருவியை மாட்டி, மெதுவாக ஓடும் குழாய்த் தண்ணீரில் தட்டைச் சாய்த்து முதலில் மண்ணை ஓடவிடுங்கள். கைச்சூட்டுக்கு மேற்பட்ட வெந்நீர் ஒருபோதும் வேண்டாம். வினைல் 60 பாகை செல்சியசைத் தாண்டினால் இளகத் தொடங்கும்.

பிறகு ஒரு பக்கத்தில் சுமார் 10 மில்லிலீற்றர் திரவத்தைத் தெளித்து, தூரிகையால் பரப்பி, 2 நிமிடம் ஊறவிடுங்கள். காத்திருக்கும் நேரமே பாதி வேலையைச் செய்கிறது. கைரேகைக் கொழுப்பு இளக அவகாசம் கொடுத்தால் அழுத்தித் தேய்க்கும் தேவை வராது. ஆனால் ஃபேன் காற்றில் திரவம் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இளகிய அழுக்கு அதே இடத்தில் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

ஊறியதும் பள்ளம் போகும் வளைவிலேயே தூரிகையை ஓட்டுங்கள். வலஞ்சுழியாக 10 சுற்று, இடஞ்சுழியாக 10 சுற்று. இரு திசையும் வேண்டும், ஏனெனில் பள்ளத்தின் நெளிவுகளுக்குப் பின்னால் ஒதுங்கிய தூசி ஒரு திசைத் தூரிகைக்கு அகப்படாது. குறுக்கே தேய்த்தால் அழுக்கு பள்ளத்தின் விளிம்பில் வழிக்கப்பட்டு அப்படியே நிற்கும். அழுத்தம் தூரிகையின் சொந்தப் பாரம் அளவுக்குத்தான். கைரேகை இருக்கும் இடத்தை, டோர்ச் வெளிச்சத்தைச் சரிவாகப் பிடித்தால் மங்கலான திட்டாகக் காணலாம். அந்த இடத்தில் மட்டும் இன்னும் சில தரம் ஓட்டலாம்.

அடுத்தது அலசல். புதியவர்கள் இதைத்தான் பெரும்பாலும் அரைகுறையாக விடுகிறார்கள். கழுவிய பிறகு முன்னையதை விடக் கூடுதலாகப் பொரிகிறது என்றால், கழன்ற அழுக்கும் சோப்பும் அலசிப் போகாமல் பள்ளத்திலேயே காய்ந்துவிட்டன என்று பொருள். அழுக்குத் திரவத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். சுத்தமான காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, இரண்டாவது தூரிகையால் பரப்பி, மறுபடி ஒற்றுங்கள். இப்படி இரண்டு தரம். ஒரு பக்கத்துக்கு 100 மில்லிலீற்றர் போதும். கழுவப் பாவித்த தூரிகையாலேயே அலசினால் எடுத்த அழுக்கைத் திருப்பிக் கொடுத்ததாகிவிடும். துணியைப் போட்டு இழுக்காமல் மேலே வைத்து ஒற்றி எடுப்பது நல்லது.

தட்டுக் கழுவும் விலை கூடிய இயந்திரங்களில் ஈரத்தை உறிஞ்சி எடுக்கும் வகைதான் கொழும்புக்கு மிகப் பொருத்தம். அழுக்கோடு ஈரமும் போய்விடுகிறது. தட்டுகள் 200, 300 என்று இருந்தால் யோசிக்கலாம்.

வெள்ளைப் பசையைத் தட்டில் பூசிக் காயவைத்து உரித்தெடுக்கும் முறையைப் பலர் காட்டுவார்கள். வறண்ட ஊரில் அது சரிவரலாம். இங்கே மழைநாளில் அந்தப் பசை ஒரு நாள் கழிந்தும் முழுதாகக் காயாது. அரைகுறையாகக் காய்ந்ததை உரித்தால் பிய்ந்து, துணுக்குகள் பள்ளத்தில் தங்கும். புதியவர்கள் இதில் இறங்காமல் இருப்பதே நல்லது.

காயவைத்தல்

தட்டை நிறுத்திக் காயவைக்க, பிளாஸ்ரிக் பூசிய பாத்திரத் தட்டி போதும். ஒன்றோடொன்று முட்டாமல், விளிம்பு மட்டும் தாங்கும்படி நிறுத்துங்கள். ஃபேனைப் போட முன்னர் அதன் இறகுகளை ஈரத் துணியால் துடையுங்கள். சீலிங் ஃபேன் இறகின் முன்விளிம்பில் கறுப்பாகத் திரண்டிருக்கும் அந்தத் தூசி, ஈரத் தட்டுக்கு நேர் மேலே சுழன்றால் எங்கே விழும் என்று சொல்லத் தேவையில்லை. வெயிலில் வைப்பது அறவே கூடாது. யன்னலோரத்து வெயில் கறுப்புத் தட்டைச் சில நிமிடத்திலேயே நெளித்துவிடும். பூட்டிய காரும் அப்படித்தான்.

கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் பள்ளத்தின் அடியில் ஈரம் இருக்கும். வெயில் நாளில் ஒரு மணித்தியாலம், மழை நாளில் மூன்று மணித்தியாலம் விடுங்கள். ஏசி அறை இருந்தால் அதற்குள் காயவைப்பது மிக நல்லது, குளிரூட்டி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும். ஆனால் குளிர்ந்த தட்டை உடனே வெளி அறைக்குக் கொண்டுவந்தால் மேலே நீர் வேர்க்கும்; உறையில் போட்ட பிறகே வெளியே எடுங்கள். தொகையாகக் கழுவ எண்ணியிருப்பவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களில், முற்பகலில் தொடங்குவது உகந்தது. ஒக்ரோபர், நவம்பர் மழையில் அவசரமில்லாத எதையும் கழுவாதீர்கள்.

ஈரம் காய முன்னர் தட்டைப் போட்டுக் கேட்கவும் கூடாது. மீந்த அழுக்கும் ஈரமும் ஊசி நுனியில் பசையாகி இறுகும்.

பூஞ்சணம்

வெள்ளைப் புள்ளிகள், சிலந்தி வலைபோல் படரும் இழைகள், உறையைத் திறந்ததும் வரும் மண்வாசம் — இவை மூன்றும் அறிகுறி. இதை வீட்டுக்குள் உலர்ந்த தூரிகையால் தட்டினால் வித்துகள் காற்றில் பறந்து மற்றத் தட்டுகளின் அட்டைகளுக்குப் போகும், உங்கள் நெஞ்சுக்குள்ளும் போகும். முகக்கவசம் அணிந்து, தட்டை வெளியே கொண்டுபோய், அங்கேயே உறையிலிருந்து எடுங்கள். உட்புறக் கடதாசி உறையைப் பையில் போட்டுக் கட்டி எறிந்துவிடுங்கள். அதை மீட்க முயல வேண்டாம். தட்டின் மேல் முதலில் திரவத்தைத் தெளித்து 3 நிமிடம் ஊறவிட்டு, பிறகே தூரிகையைத் தொடுங்கள். மேலே சொன்ன முறையில் முழுவதையும் இரண்டு தரம் செய்யுங்கள். பாவித்த துணியையும் தூரிகையையும் தனியே கழுவி வெயிலில் காயவையுங்கள்.

நீண்ட காலம் இருந்த பூஞ்சணம் மேற்பரப்பை அரித்து மங்கலான தழும்பு விட்டிருக்கும். அந்த இடத்தில் இலேசான இரைச்சல் நிரந்தரம். அதற்காகத் தட்டை ஒதுக்க வேண்டியதில்லை. பரவுவதை நிறுத்திவிட்டீர்கள், அது போதும்.

அட்டையை நிழலில், ஃபேன் காற்றில், வாய் திறந்தபடி இரண்டு நாள் நிறுத்தி, பிறகு வெளியே வைத்து உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். அச்சிட்ட அட்டையில் ஈரத் துணி போட்டால் மை கிளம்பும். பழைய சொந்தக்காரர் மையால் எழுதிய பெயரும் திகதியும், கடை முத்திரையும் அப்படியே இருக்கட்டும். அந்தத் தட்டு எந்தக் கைகளைக் கடந்து வந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.

அரக்குத் தட்டுகளுக்கு

அல்ககோல் ஒரு துளியும் கூடாது. ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த நீருக்குப் பாத்திரத் திரவம் 2 துளி மட்டும். ஊறவைக்கவும் கூடாது. அரக்கோடு கல்மாவும் இழைகளும் சேர்ந்திருப்பதால் அது ஈரத்தை உறிஞ்சும். வெடிப்பு இருந்தால் அதற்குள்ளும் போகும். நனைத்து, 5 சுற்றுத் தூரிகை ஓட்டி, அலசி, உடனே ஒற்றி எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு தட்டு. மேசையில் தடித்த துவாய் கட்டாயம், சீமெந்து நிலத்தில் விழுந்தால் மிஞ்சாது. இவற்றைப் போட 78க்கான அகன்ற ஊசி வேண்டும். எல்.பி. ஊசி பள்ளத்தின் அடியில் கிடந்து உரசி, இரைச்சலையே தரும்.

உறை, அலுமாரி

கழுவிய தட்டைப் பழைய உறைக்குள் திருப்பிப் போட்டால் செய்த வேலை வீண். பழைய இந்தியத் தட்டுகள் பலவற்றில் மெல்லிய பிளாஸ்ரிக் உள்ளுறை இருக்கும். நமது சூட்டில் அது சுருங்கி, தட்டில் மேகம்போல் அச்சுப் பதிக்கும். புதிய பொலித்தீன் உள்ளுறையோ, உட்பக்கம் பொலித்தீன் பூசிய கடதாசி உறையோ போடுங்கள். வெளியுறைக்குப் பொலிபுரொப்பிலீன் நல்லது. தடித்துப் பளபளக்கும் பீ.வீ.சி. உறைகளைத் தவிருங்கள், அவற்றிலிருந்து கசியும் மிருதுவாக்கி தட்டை மங்கச் செய்யும். வெளியுறையின் வாயை ஒட்டி மூடவும் வேண்டாம், உள்ளே ஈரம் சிறைப்படும்.

தட்டுகள் நேராக நிற்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் அடியிலுள்ளவை நெளியும், சாய்ந்து நின்றாலும் நெளியும். இறுக்கியும் அடுக்காதீர்கள், விரல் நுழைய இடம் இருக்கட்டும். 100 எல்.பி. 25 முதல் 30 கிலோ வரும், பலகை அதைத் தாங்குமா என்று பாருங்கள். அலுமாரி வெளிச்சுவரை ஒட்டி நிற்கக் கூடாது. மழைக்கு நனையும் சுவர் உள்ளே ஈரத்தைக் கக்கும். சுவரிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளி, கீழ்த்தட்டை நிலத்திலிருந்து ஓர் அடியாவது உயர்த்துங்கள். வெள்ளவாய்க்கால் பெருகும் பகுதியில் இருப்பவர்கள் இன்னும் உயர்த்துவது நல்லது.

பூட்டிய அலுமாரிதான் பூஞ்சணம் பிறக்கும் இடம். உள்ளே மலிவான ஈரமானி ஒன்றை வைத்து, 60 வீதத்தைத் தாண்டினால் மழையில்லாத பிற்பகலில் கதவைத் திறந்து காற்றோட விடுங்கள். சிலிக்கா ஜெல் வைப்பதானால் நிறம் மாறும் வகையை வாங்குங்கள். செம்மஞ்சள் பச்சையானால் ஈரம் நிரம்பிவிட்டது; 110 பாகை அவணில் இரண்டு மணித்தியாலம் காயவைத்துத் திருப்பிப் பாவிக்கலாம். கதவுக்கு இடைவெளி உள்ள அலுமாரியில் ஜெல் இரண்டொரு நாளிலேயே நிரம்பிவிடும், அங்கே அதனால் பயனில்லை. கரப்பானும் கறையானும் ராமபாணப் பூச்சியும் அட்டையின் பசைக்கு வரும். நப்தலின் உருண்டை வேண்டாம், அந்த மணம் அட்டையை விட்டு வருடக்கணக்கில் போகாது. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் கையால் புரட்டிப் பாருங்கள். நடமாட்டம் இருக்கும் இடத்தில் பூச்சி குடியிருப்பது குறைவு.

ஊசி

ஒவ்வொரு பக்கம் போடும் முன்னரும் ஊசியைச் சுத்தம் செய்யுங்கள். குட்டை இழைத் தூரிகையால் பின்னிருந்து முன்னாக, தட்டு ஓடும் திசையில் மட்டும். பக்கவாட்டிலோ முன்னிருந்து பின்னாகவோ இழுத்தால் ஊசித்தண்டு முறியும். இறுகிய அழுக்குக்கு, கடையில் வெள்ளைக் கட்டியாக விற்கும் மெலமின் ஸ்பொஞ்சில் சிறு துண்டு வெட்டி வைத்து, ஊசியை அதன்மேல் நேராக இறக்கி நேராக உயர்த்துங்கள், இழுக்க வேண்டாம். வைர ஊசி, வடிவத்தைப் பொறுத்து, சுமார் 300 முதல் 500 மணித்தியாலம் வரை பாவிக்கலாம். பழைய பெட்டிப் பிளேயர்களில் வரும் நீலமணி ஊசி அதில் பத்திலொரு பங்கு நேரம்கூடத் தாங்குவது அரிது. ஊசியின் வயது தெரியாமல் ஒரு பிளேயர் கைக்கு வந்தால், நல்ல தட்டு எதையும் அதில் போட முன்னர் ஊசியை மாற்றிவிடுங்கள்.